நானூறு வெள்ளிக் கோடு

என் அக்காவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. தரையில் உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லி இரண்டு ஆண்டாகிறது. பொங்கோலில் அவர் வீட்டுச் சமையலறை மூலையில் அம்மாவின் அருவாமனை ஒன்று உண்டு. ஊரிலிருந்து அம்மா இரும்புப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது. புளியமரத்துக் கட்டை, தேய்ந்து தேய்ந்து பிறைபோல் ஆகிவிட்ட அலகு. அதன்மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டு வாழைப்பூவை நறுக்கினால்தான் அக்காவுக்குத் திருப்தி. இப்போது நின்றபடி, பேரங்காடியில் வாங்கிய மெல்லிய கத்தியால் நறுக்குகிறார். நறுக்குகிற நேரத்தைவிட முணுமுணுக்கிற நேரம் அதிகம்.

அக்கா மகனுக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் கட்டையை அறுத்துப் பிடியாக்கி, நல்ல எஃகு அலகு ஒன்றைப் பொருத்தி, அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு சமையல் கத்தி செய்து தர வேண்டும். கணினித் துறையில் வேலை பார்க்கும் பையன். சனிக்கிழமைகளில் உபி தொழிற்பேட்டையில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் பட்டறையில் மரமும் இரும்பும் இழைப்பது அவனது பொழுதுபோக்கு. வீவக வீட்டில் அதெல்லாம் நடக்காது. உப்புத்தாள் பெல்ட் ஓடும் சத்தத்துக்கே பக்கத்து வீட்டார் கதவைத் தட்டிவிடுவார்கள்.

வெளிநாட்டுச் சிறு கடை ஒன்றில் இணையம் வழியாக வாங்கினான். ஏற்கெனவே சூடேற்றிக் கடினப்படுத்திய கத்தி அலகுகள் மூன்று: ஒன்று அம்மாவுக்கு, ஒன்று பழகிப் பார்க்க, ஒன்று நண்பனுக்கு. பிடியில் அடிக்கப் பித்தளைக் கம்பி, பழகும் கத்திக்கு மைக்கார்ட்டா தகடு, இழைக்க உப்புத்தாள் பெல்ட் ஒரு கட்டு. எல்லாம் சேர்த்து 372 வெள்ளி. விமானத்தில் அனுப்பும் கூலி 64 வெள்ளி.

ஒரு வாரத்தில் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. பொட்டலம் நிற்கிறது, 64 வெள்ளி 24 காசு கட்டினால்தான் விடுவிப்பார்களாம்.

“மாமா, சிங்கப்பூர்ல இரும்புக்கு டியூட்டியே கிடையாதுன்னு போட்டிருக்கு. அப்புறம் எதுக்குக் காசு கேட்கிறாங்க?” என்று என்னிடம் வந்தான். துறைமுகச் சரக்குக் கணக்கில் பல ஆண்டு குப்பை கொட்டியவன் என்பதால் இந்த மாதிரி வழக்குகள் என்னிடம்தான் வரும்.

அவன் படித்தது சரி. அவனிடம் கேட்டதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்பதுதான் இந்த வாரக் கதை.

சிங்கப்பூரில் சுங்கத் தீர்வை உள்ள பொருள்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மதுபானம், புகையிலைப் பொருள்கள், மோட்டார் வாகனம், பெட்ரோலிய வகைகள். அவ்வளவுதான். 1819ல் ராஃபிள்ஸ் இங்கே வந்தபோதே இது தீர்வையில்லாத் துறைமுகம் என்றாகிவிட்டது. இடையில் 1960களில் உள்ளூர்த் தொழிற்சாலைகளைக் காப்பாற்றப் பல பொருள்களுக்குத் தீர்வை போட்டுப் பார்த்தார்கள், பிறகு அவை படிப்படியாகக் கழன்றுவிட்டன. ஆகவே கத்தி, கத்தி அலகு, எஃகுப் பட்டை, பிடிக்கான கட்டை எதற்கும் இங்கே தீர்வை பூச்சியம்.

ஆனால் பொருள், சேவை வரி உண்டு. 1994 ஏப்ரல் 1ல் 3 விழுக்காட்டில் தொடங்கி, 2007ல் 7 ஆகி, 2023ல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. கடையில் வாங்கினாலும் கடல் தாண்டி வாங்கினாலும் அது பொது. நம்மில் பலரும் ‘தீர்வை’ என்ற சொல்லையும் ‘வரி’ என்ற சொல்லையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம். மருமகனும் அதில்தான் சறுக்கினான்.

விமானம் அல்லது அஞ்சல் வழியாக வரும் பொட்டலத்தின் மதிப்பு 400 வெள்ளிக்குள் இருந்தால் எல்லையில் அந்த வரி கிடையாது. மருமகனுக்கு இதுவும் தெரியும். “நான் வாங்கினது 372தானே!” என்றான்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. எல்லையில் பார்க்கும் மதிப்பு என்பது பொருளின் விலை மட்டுமன்று. விலை, காப்புறுதி, ஏற்றுமதிக் கூலி மூன்றும் சேர்ந்தது. 372ம் 64ம் 436. கோட்டைத் தாண்டிவிட்டான். தாண்டியபின், மிஞ்சிய 36 வெள்ளிக்கு மட்டும் வரி போடமாட்டார்கள். முழு 436க்கும் 9 விழுக்காடு, 39 வெள்ளி 24 காசு. அவனுக்காக அந்த வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு அஞ்சல் நிறுவனம் போட்டுக்கொண்ட சேவைக் கட்டணம் 25 வெள்ளி. மொத்தம் 64.24. எனக்கு எரிச்சல் வந்தது அந்த 25 வெள்ளியின்மேல்தான். வரி அரசாங்கத்துக்குப் போகிறது, புரிகிறது. இது ஒரு விசையைத் தட்டியதற்கான கூலி. ஆனால் நிறுவனங்களின் கட்டண அட்டவணையில் அது முன்பே எழுதியிருக்கும். நாம்தான் படிப்பதில்லை.

அந்த உப்புத்தாள் பெல்ட் கட்டு 40 வெள்ளி. ஜாலான் புசார் பக்கம் இரும்புச் சாமான் கடைகளில் இல்லாத பெல்ட்டா? அதை மட்டும் விட்டிருந்தால் 332ம் 64ம் 396. ஒரு காசு கட்டியிருக்க வேண்டாம். அவன் முகம் போன போக்கைப் பார்த்து மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

சட்டை வாங்குகிறவருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக வராது. துணி எடை குறைவு, கூலியும் குறைவு. எஃகு அப்படியன்று. கத்தி செய்கிறவர், மரவேலை செய்கிறவர், மிதிவண்டிப் பாகம் வாங்குகிறவர் எல்லாருக்கும் பொருளின் கனமே கோட்டைத் தாண்ட வைத்துவிடுகிறது. பட்டறைக்கு ஒரு பெரிய சாணை இயந்திரம் வேண்டுமென்று அவன் நண்பர்கள் சீனாவிலிருந்து கப்பலில் எடுக்க யோசித்துக்கொண்டிருந்தார்கள். கூலி மலிவு என்று கணக்கு. கப்பலிலோ சாலை வழியாகவோ வந்தால் இந்த 400 வெள்ளிச் சலுகையே கிடையாது என்பது அவர்கள் கணக்கில் இல்லை. 50 வெள்ளிப் பொருளாக இருந்தாலும் வரி உண்டு.

சரி, பெரிய இணையத் தளங்களில் 30 வெள்ளிப் பொருள் வாங்கினால்கூட ரசீதில் 9 விழுக்காடு வரி இருக்கிறதே, அது என்ன என்று சிலர் கேட்பீர்கள். அது 2023 ஜனவரி 1ல் வந்த ஏற்பாடு. உலக அளவில் ஆண்டுக்கு 10 லட்சம் வெள்ளிக்கு மேல் விற்றுமுதல் உள்ள, சிங்கப்பூர் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் 100,000 வெள்ளிக்கு மேல் விற்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே வரிக்குப் பதிவுசெய்துகொண்டு, 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் விற்கும்போதே வரி வாங்கிவிட வேண்டும். உள்ளூர்க் கடைக்காரர் 9 விழுக்காடு சேர்த்து விற்கும்போது வெளிநாட்டார் மட்டும் சேர்க்காமல் விற்றால் அது நியாயமாகாது என்பதற்காக. நியாயந்தான். கத்தி எஃகு விற்கும் சின்னக் கடைகள் பெரும்பாலும் அந்த அளவை எட்டுவதில்லை. அதனால் வரி வாங்குவதில்லை.

ஒரு முடிச்சு மட்டும் எனக்கு உறுத்துகிறது. விற்பனையின்போது ஒரு பொருள் 400 வெள்ளிக்கு உட்பட்டதா என்று பார்க்கையில் அனுப்பும் கூலியைச் சேர்ப்பதில்லை, பொருளின் விலைதான் கணக்கு. எல்லையிலோ முழுப் பொட்டலத்தையும் கூலியோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரே கோடு, இரண்டு அளவுகோல். 150 வெள்ளிச் சாமான் மூன்றைப் பதிவுபெற்ற தளத்தில் வாங்கினீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் விற்கும்போதே வரி வாங்கிவிட்டார்கள். மூன்றும் ஒரே பெட்டியில் வந்தால் மதிப்பு 450க்கு மேல். ஏற்கெனவே வரி கட்டியாகிவிட்டது என்ற தகவலை விற்றவர் அனுப்புகிறவரிடம் சரியாகக் கொடுத்திருந்தால் தொல்லையில்லை. கொடுக்கத் தவறினால் இரண்டாம் முறையும் கேட்பார்கள். அப்படி இரண்டு முறை கட்டிவிட்டால், ரசீதுகளைக் காட்டி விற்றவரிடம்தான் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். அதனால் வரி தனியாகத் தெரிகிற அந்த ரசீதைப் பொருள் கைக்கு வந்து ஒரு மாதம்வரை அழித்துவிடாதீர்கள்.

மருமகனுக்கு இன்னொரு யோசனையும் வந்தது. இளைஞர்களுக்கு வருகிற யோசனைதான். “அடுத்த தடவை கடைக்காரரிடம் சொல்லி ‘அன்பளிப்பு, 100 வெள்ளி’ன்னு எழுதச் சொல்லிட்டா?”

வேண்டாம் என்றேன். கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். மதிப்பைக் குறைத்துக் காட்டுவது வரி ஏய்ப்பு. ஏய்த்த தொகையைப்போல் 20 மடங்குவரை அபராதம், இரண்டாண்டுவரை சிறை, அல்லது இரண்டும். 39 வெள்ளிக்கு 784 வெள்ளி 80 காசு என்று பெருக்கிக் காட்டினேன். இதில் அன்பளிப்பு என்று எழுதினாலும் பயனில்லை, அன்பளிப்புக்கும் மதிப்பு உண்டு.

அவனுடைய பொட்டலம் நின்றதற்கு வரி மட்டும் காரணமன்று என்பது பிறகுதான் தெரிந்தது. சரக்கு விவரத்தில் கடைக்காரர் ‘கத்தி’ என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தார். எக்ஸ்ரேயில் பார்த்தால் கூரான மூன்று இரும்பு. என்ன கத்தி, எதற்கு என்று கேள்வி வரத்தானே செய்யும்? சமையல் கத்தி வேறு. வாள், குத்துவாள், விசையைத் தட்டினால் பாய்ந்து திறக்கும் மடக்குக் கத்தி போன்றவை வேறு. இரண்டாம் வகை காவல்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பவை, ஆசைக்கு ஒன்று என்று இணையத்தில் தட்டிவிடக் கூடாதவை. இருபுறமும் கூரான குத்துவாள் வடிவ அலகுகளும் அதே கடைகளில், அதே பக்கத்தில், ‘பொழுதுபோக்குக்கு’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன என்பதையும் கவனித்தேன். அங்கே விற்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். பொட்டலம் இறங்குவது சாங்கியில்.

அவன் கடையின் பக்கத்தையும் ரசீதையும் அனுப்பி, ‘சமையல் கத்திக்கான அலகு, பிடி இல்லை, தீட்டப்படாதது’ என்று எழுதிக் கொடுத்தான். இரண்டு நாளில் விட்டார்கள். விவரத்தை இப்படி எழுதும்படி வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டிருந்தால் அந்த இரண்டு நாளும் மிச்சம்.

பிடிக்கான மரத்திலும் கவனம் வேண்டும். கத்தி செய்கிறவர்களுக்குத் தோதகத்தி என்றால் உயிர். நம் ஊரில் ஈட்டி மரம் என்போமே, அதுதான். அது அடங்கிய டால்பெர்ஜியா மர இனம் முழுவதும் 2017 ஜனவரி முதல் அழியும் உயிரினங்களுக்கான அனைத்துலக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. செம்மரமும் அப்படியே. செதுக்காத கட்டையாக வரவழைக்க அனுமதிச் சீட்டு வேண்டும், இங்கே அதைப் பார்ப்பது தேசியப் பூங்காக் கழகம். தந்தத்தில் பிடி போட்ட பழைய கத்தியை வாங்கி விற்கலாம் என்ற எண்ணமிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 2021 செப்டம்பர் முதல் சிங்கப்பூருக்குள்ளேயே யானைத் தந்த விற்பனைக்குத் தடை. நல்லவேளையாக மருமகனின் மரம் சமையலறை மூலையிலேயே இருந்தது.

“பேசாம ஊருக்குப் போறப்ப வாங்கிட்டு வந்துடலாம்ல?” என்று அக்கா கேட்டார். திருப்பாச்சேத்தி அரிவாள் பற்றிக் கேள்விப்படாத சிவகங்கைக்காரர் உண்டா? வாங்கி வரலாம், சமையல் கத்தியாக இருக்கும்வரை. கைப்பையில் போடக் கூடாது, சரக்கில் போடும் பெட்டிக்குள் நன்றாகச் சுற்றி வைக்க வேண்டும். பயணிகளுக்கான சலுகைக் கணக்கு வேறு. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பினால் 500 வெள்ளிவரை வரியில்லை. அதற்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளி. காலையில் ஜோகூர் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கு இந்த 100தான். இங்கே தாண்டிய தொகைக்கு மட்டுமே வரி, பொட்டலத்தைப்போல் முழுவதற்கும் அன்று. ஆனால் வேலை அனுமதி அட்டை, மாணவர் அட்டை, சார்ந்திருப்போர் அட்டை, நீண்டகால அட்டை வைத்திருப்போருக்கு இந்தச் சலுகையே இல்லை. ஊரிலிருந்து பாத்திரம் பண்டத்தோடு வந்திறங்கும் நம் இளம் பொறியாளர்கள் பலருக்கு இது தெரியாது. தெரியாமல் பச்சைப் பாதையில் நடந்துவிடுகிறார்கள்.

மற்ற நாடுகளைப் பார்த்தால் நம் 400 வெள்ளி தாராளமாகத் தோன்றும். மலேசியாவில் 2024 தொடக்கம் முதல் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட வெளிநாட்டு இணையப் பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி. அமெரிக்காவில் 800 டாலர்வரை தீர்வையின்றி விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சலுகை 2025 ஆகஸ்ட் 29ல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அதற்குச் சில நாள் முன்பே இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பொட்டலங்களை எடுப்பதை நிறுத்திவைத்தது. இந்தியாவுக்கு இங்கிருந்து அன்பளிப்பு அனுப்புவதும் எளிதன்று. 2019 டிசம்பரில் வந்த அறிவிப்பின்படி அஞ்சலிலோ கூரியரிலோ ‘அன்பளிப்பு’ என்ற பெயரில் தீர்வையின்றி எதுவும் இறக்குமதி செய்யக் கூடாது. இரண்டுக்கு மட்டும் விலக்கு: உயிர்காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. அக்காவுக்குச் செய்ததுபோல் ஊரிலுள்ள சின்னம்மாவுக்கும் ஒரு கத்தி அனுப்பலாம் என்று மருமகன் எண்ணியிருந்தான். ராக்கியோடு கட்டி அனுப்ப முடியாது என்றேன்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அவன் வாங்கியது ஸ்வீடனில் சவர பிளேடுக்காக உருவாக்கப்பட்ட எஃகு. ஒரு காலத்தில் எஃகுக் கட்டிகள் நம் பக்கமிருந்துதான் கடல் கடந்து போயின. ஈரோட்டுக்கு அருகே கொடுமணலில் மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. ‘வூட்ஸ்’ என்று ஐரோப்பியர் அழைத்த எஃகின் பெயரே நம் ‘உருக்கு’, கன்னடத்து ‘உக்கு’ போன்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அப்போதும் துறைமுகத்தில் யாராவது ஒருவர் சுங்கம் வாங்கியிருப்பார்.

கத்தி வேலை மூன்று சனிக்கிழமை பிடித்தது. ஊர்க் கொல்லர் ‘துவைச்சல்’ என்று சொல்லும் வேலை, அதாவது இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவது, தொழிற்சாலையிலேயே முடிந்திருந்தது. அந்த வகை எஃகுக்கு ஆயிரம் பாகைக்கு மேல் சூடு வேண்டும், பட்டறையில் முடியாது. அவன் செய்ததெல்லாம் விளிம்பை இழைத்ததும் பிடி போட்டதும்தான். இழைக்கும்போது அலகு சூடேறினால் துவைச்சல் போய்விடும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தான். வெறும் விரலால் பிடித்திருந்தான், விரல் பொறுக்காத சூட்டை எஃகும் பொறுக்காது என்றான். பழகிய கத்தி ஒன்று நீலம் பூத்துப் பாழானது. அம்மாவின் கட்டையை அறுத்தபோது நானும் போயிருந்தேன். அத்தனை ஆண்டு எண்ணெயும் மஞ்சளும் ஊறிய கட்டை. ரம்பம் பட்டதும் புளியும் அல்லாத, வெங்காயமும் அல்லாத ஒரு வாடை வந்தது. இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

முடித்த கத்தியை உபியிலிருந்து பொங்கோலுக்கு ரயிலில் பையில் போட்டுக் கொண்டுவரத்தான் முதலில் இருந்தான். பொது இடத்தில் தகுந்த காரணமில்லாமல் ஆயுதம் வைத்திருப்பது இங்கே சிறையும் பிரம்படியும் உள்ள குற்றம். சமையல் கத்தியை வீட்டுக்குக் கொண்டுபோவது தகுந்த காரணம்தான், ஆனால் அதை ரயில் நிலையச் சோதனையில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாமே. அலகை அட்டையில் சுற்றி, நாடா ஒட்டி, பெட்டிக்குள் வைத்து, என் காரிலேயே ஏற்றிக்கொண்டேன்.

பிறந்தநாளன்று கத்தியைக் கையில் கொடுக்கக் கூடாதென்று மேடைமேல் வைத்தான். அக்கா எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடியை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு ஒன்றும் சொல்லாமல் ஒரு வாழைக்காயை எடுத்துச் சீவத் தொடங்கினார்.

பாதி சீவியதும், “இதுக்கு எவ்வளவுடா ஆச்சு?” என்றார்.

அவன் என்னைப் பார்த்தான்.

“முப்பத்தொன்பது வெள்ளி இருபத்து நாலு காசும்மா.”